தொண்ணூறுக்குக் கீழே

ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் அவருக்கு ‘டிரம்’ என்று பெயர். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே வழித்தடத்தில் பேருந்து ஓட்டியவர். இருக்கையை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியும் வயிறு ஸ்டீயரிங்கில் உரசும். சட்டையில் அந்த இடத்தில் மட்டும் துணி நைந்து வெளுத்திருக்கும். கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிட இடைவெளி. அந்தப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு க்ரீம் பன், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. ஒரு நாளைக்கு ஆறு நடை. “வண்டிக்கு டீசல், எனக்கு பன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு ஒரே தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம். நாற்பது வயதில் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், டயாலிசிஸ். சிறுநீரகம் கொடுக்க அவள் கணவருடைய ரத்த வகை சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது.

பரிசோதனைக் காகிதங்களை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: “எல்லாம் பொருந்துது. சர்க்கரை வியாதியும் இல்ல. ஆனா எடை நூத்தி இருபத்தொண்ணு. பிரஷரும் கூட. இந்த உடம்புல ஒரு கிட்னியை எடுத்துட்டா மிச்சம் இருக்கிற ஒண்ணு திணறிப் போயிடும். தொண்ணூறுக்குக் கீழ வாங்க. அப்புறம் தேதி குறிக்கலாம்.”

“ரெண்டே மாசத்துல வந்துடறேன் சார். சாப்பாட்டையே நிறுத்திடறேன்.”

“பட்டினி கிடந்து வந்தீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன். நடங்க. அளவாச் சாப்பிடுங்க. எட்டு ஒன்பது மாசம் ஆகும்.”

வெளியே வந்ததும் தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள். “முப்பத்தொரு கிலோ. நிரம்பின காஸ் சிலிண்டர்கூட அவ்வளவு இருக்காது. அதைக் கட்டித் தூக்கிக்கிட்டா இத்தனை வருஷம் வண்டி ஓட்டினே?”

அவரும் சிரித்தார். மறுநாளே ஆரம்பித்தார். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் பணிமனை முற்றத்தில் வரிசையாக நிற்கும் பேருந்துகளைச் சுற்றி நடந்தார். முதல் நாள் நாலு சுற்றிலேயே தொடைகள் உரசிப் புண்ணாகிவிட்டன. டீயில் சர்க்கரை போயிற்று. பன் போயிற்று. கடைசி நிறுத்தத்தின் பத்து நிமிடத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, பேக்கரி இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதல் மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. மூன்றாம் மாத முடிவில் நூற்றி நான்கு. மனைவி அவருடைய காக்கிப் பேன்ட்களின் இடுப்பை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் தங்கையிடமிருந்து போன் வரும். “எவ்வளவு?” என்பதுதான் முதல் வார்த்தை.

பிறகு வீட்டு எடை இயந்திரத்தின் முள் நகரவில்லை. நடக்கிறார், கட்டுப்பாடாகச் சாப்பிடுகிறார், ஞாயிற்றுக்கிழமை ஏறி நின்றால் நூற்றி நான்கு. அடுத்த ஞாயிறும் அதே நூற்றி நான்கு. மூன்று வாரம் அப்படியே போயிற்று. இடது முழங்கால் வேறு வலிக்கத் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை மழை பெய்து நடை தடைப்பட்டது. வெள்ளிக்கிழமை கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது கால் தானாகப் பேக்கரிக்குப் போயிற்று. ஒரு பன்தான். அன்றைக்கு அதன் ருசியைப் பற்றி அவர் பின்னாளில் சொல்லும்போது, “அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு” என்றார்.

திங்கட்கிழமை முதல் ஒழுங்காக இருக்கலாம் என்று நினைத்தார். அப்படி ஆறு திங்கட்கிழமைகள் வந்து போயின. ஞாயிற்றுக்கிழமை போனில் நூற்றி மூன்று என்றார், நூற்றி இரண்டு என்றார், பிறகு நூறு என்றார். “நூறா? செஞ்சுரி அடிச்சுட்டே போ” என்று அவள் சந்தோஷப்பட்டபோது போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாதம் மருத்துவமனைக்குப் போனபோது இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். தங்கை பக்கத்தில் நிற்க, நர்ஸ் அவரை எடை இயந்திரத்தில் ஏறச் சொன்னாள். நூற்றி பத்து. நர்ஸ் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். தங்கை தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். அவர் பின்னாலேயே போனார்.

“திட்டிடும்மா,” என்றார்.

“திட்டற யோக்கியதை எனக்கு இல்லண்ணா. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி குடிக்காதேன்னு சொல்லியிருக்காங்க இல்ல? போன வாரம் ஒரு ஜக்கு நிறைய குடிச்சேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு. அப்புறம் மூச்சு முட்டி, அவர் என்னை ஆட்டோல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தாரு. உன்கிட்ட சொல்லல.” அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். “உனக்கும் எனக்கும் இந்த நாக்கு ஒரே அம்மா குடுத்தது.”

அவரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“ஒண்ணு கேட்டுக்கோ. எனக்காகன்னு நடக்காத. தினம் என் மூஞ்சியை நினைச்சுக்கிட்டே நடந்தேன்னா கொஞ்ச நாள்ல என் மூஞ்சியே உனக்குப் பிடிக்காமப் போயிடும். மூணு மணி ஆச்சா, ஷூவை மாட்டு. அவ்வளவுதான் உன் வேலை. மிச்சத்தைக் கால் பாத்துக்கும். கூடினா கூடுச்சுன்னு சொல்லு. பொய் மட்டும் வேணாம்.”

அதற்குப் பிறகு அவர் பொய் சொல்லவில்லை. சில வாரம் அரைக் கிலோ கூடும். கூடியது என்றே சொன்னார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவளும் பணிமனைக்கு வந்து, வாசலில் இருந்த டயர் கடைக்காரர் போட்டுவைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவாள். வாயில் ஒரு ஐஸ் துண்டை அடக்கிவைத்திருப்பாள், தாகத்துக்கு. “பதினோராவது ரவுண்டு. டிரைவர் சார், பிரேக் போடாம வாங்க” என்பாள். மற்ற ஓட்டுநர்களும் சிரிப்பார்கள். அந்த ஐந்து மாதங்களைத்தான் தன் வாழ்க்கையின் நல்ல காலம் என்று அவர் பிறகு சொன்னார். ஒவ்வொரு நாளும் போக வேண்டாம் என்றுதான் தோன்றுமாம். ஆனாலும் ஷூவை மாட்டியிருப்பாராம்.

தொண்ணூற்றாறு ஆயிற்று. தொண்ணூற்று மூன்று. பிரஷர் இறங்கியது. தொண்ணூற்றொன்றில் நின்றபோது டாக்டரே, “அடுத்த மாசம் கடைசிப் பரிசோதனைகளை ஆரம்பிச்சுடலாம்” என்றார்.

அந்த வாரம்தான் தங்கையின் கையில் டயாலிசிஸுக்காகச் செய்திருந்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துக்கொண்டது. தற்காலிகமாகக் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். அதன் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியது. குளிர்காய்ச்சல் வந்து இரண்டாம் நாளே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

அவர் டாக்டரைத் தாழ்வாரத்திலேயே மறித்தார். “சார், இன்னும் ஒரு கிலோதானே. இப்பவே எடுத்துக்குங்க.”

“எடைக்காக இல்லங்க. ரத்தத்துல இவ்வளவு கிருமி ஓடும்போது புதுக் கிட்னி வைக்கவே முடியாது. முதல்ல காய்ச்சல் இறங்கட்டும்.”

காய்ச்சல் இறங்கவில்லை. நாலாம் நாள், மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, பழக்கதோஷத்தில் அவர் எடை இயந்திரத்தில் ஏறி நின்றார். நாலைந்து நாளாக வாயில் எதுவும் சரியாகப் போகவில்லை. முள் எண்பத்தொன்பதரையில் நின்றது. அவர் இறங்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மனைவி வந்து கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது.

மருத்துவமனைக் காகிதங்களை வாங்கப் போனபோது டாக்டரிடம் கேட்டார்: “நடுவுல ஆறு வாரம் நான் ஏமாத்தினேன் சார். எல்லாத்தையும் சேத்து ரெண்டு மூணு மாசம் போச்சு. அது போகாம இருந்திருந்தா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. எனக்குத் தெரியாதுங்க.”

வேலைக்குத் திரும்பினார். பேருந்தில் ஏறுகிறவர்கள் அவரை வியந்து பார்த்தார்கள். “ஆளே மாறிட்டீங்களே. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. எப்படி எளைச்சீங்க?” என்று தினமும் யாராவது கேட்பார்கள். “நடந்தேன்” என்பார். ஒரு அம்மாள் மட்டும் விடாமல், “நானும் ஆரம்பிக்கிறேன், நாலு நாள்ல விட்டுடறேன். உங்களுக்கு எங்கேருந்து அந்த வைராக்கியம் வந்துச்சு?” என்று கேட்டாள். அவர் கதவை மூடும் விசையை அழுத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

நடப்பதை நிறுத்திவிட்டார். மறுபடியும் பன் தின்ன ஆரம்பித்தார். ஆனால் ருசி தெரியவில்லை. சாலைப் பள்ளத்தை மண் போட்டு மூடுவது போலத்தான் தின்றார். ஐந்து மாதத்தில் பதினான்கு கிலோ ஏறிற்று. மனைவி சாப்பாட்டை ஒளித்துவைக்கவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பிடித்துத் தைத்த இடுப்புத் தையலைப் பிரித்துக்கொடுத்தாள். பிரிக்கும்போது மட்டும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

ஒரு நாள் சாயங்காலம் தங்கையின் கணவர் வீட்டுக்கு வந்தார். தங்கை போன பிறகு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஆளே பாதியாகியிருந்தார். காபியைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

“மாப்பிள்ளை, அந்த ஆறு வாரம்…” என்று இவர் தொடங்கினார்.

“தெரியும் மச்சான். அன்னிக்கே சொன்னா.” அவர் கைகளைப் பிசைந்துகொண்டார். “உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். அதான் வரல. இப்பவும் முழுசாப் போகல. ஆனா என் ரத்தம் சேராமப் போச்சே, அந்தக் கோவத்தை யார் மேல காட்டறது?”

உள்ளே குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

“சாயங்காலமானா வீட்டுல இருக்க முடியல,” என்றார் தங்கையின் கணவர். “சும்மா தெருத்தெருவா நடக்கறேன். நீங்களும் வர்றீங்களா?”

இவர் எழுந்து உள்ளே போய் ஷூவைத் தேடினார். அது கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அவர் எடை தொண்ணூற்றெட்டு. சில மாதம் கொஞ்சம் ஏறும், சில மாதம் இறங்கும். எடை இயந்திரத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார். மருத்துவமனைக்குப் போகும்போது பார்த்துக்கொள்வதோடு சரி. வாரத்தில் நாலைந்து சாயங்காலம் இருவரும் நடக்கிறார்கள். கண்ணாடிக் கடை இருக்கும் தெருவை மட்டும் விட்டுவிட்டு, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புகிறார்கள். பெரும்பாலும் பேச்சு இருப்பதில்லை. தங்கையின் கணவர் ஒல்லி, வேகமாக நடக்கிறவர். பாலத்து ஏற்றத்தில் இவருக்கு மூச்சு வாங்கும்.

“மெதுவா போலாம் மச்சான்,” என்பார் அவர், நின்று.

“இல்ல, நீங்க நடங்க. வந்துடறேன்,” என்பார் இவர்.