கடைசிக் காட்சிக்கு முன் எழும்பும் அத்தான்

இருட்டுக்குள் சாவிகள் கோத்த திறப்புக் கொத்துக் குலுங்கும் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். திரையில் நகரமே சரிந்துகொண்டிருக்கும், தியேட்டர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். என் பக்கத்து இருக்கையில் மட்டும் சின்னதாக ஒரு கிலுங்கல் கேட்கும். அத்தான் காற்சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதோடு அவருக்குப் படம் முடிந்தது. "நான் காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாறன், நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, குனிந்தபடி படிகளில் இறங்கிப் போய்விடுவார். இதற்காகவே எப்போதும் நடைபாதை ஓர இருக்கையில்தான் உட்காருவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் நானும் குடியிருந்தேன். எந்த இடத்திலும் முடிவு வரை இராத மனிதர் அவர். கலியாண வீட்டில் தாலி ஏறியதும் சாப்பாட்டுப் பக்கம் போவார். மற்றவர்கள் மணமக்களோடு போட்டோ எடுக்க வரிசையில் நிற்கும்போது அவர் காருக்குள் இருப்பார். விம்பிள்டன் கோயிலில் தீபாராதனைக்குக் கைகூப்பிய கையோடு வெளியே. விபூதியை அக்காதான் கடதாசியில் மடித்துக்கொண்டு வந்து கொடுப்பார். லண்டனில் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு என்றாலும் அத்தானுடையது முற்றிய நிலை. ஊரில் யுத்த காலத்தில், ஊரடங்குச் சட்டம் தொடங்குமுன் வீடு சேர வேண்டிய நாட்களில் படம் பார்த்துப் பழகியவர் என்று அக்கா காரணம் சொல்லுவார். "அதுக்கு இஞ்சை என்ன ஆமிக்காரனோ வாறான்?" என்று நான் கேட்டால், "கார்ப்பார்க்கிலை மாட்டுப்பட்டுப் பார், அப்ப தெரியும்" என்பார் அத்தான்.

மருமகள், அவர்களுடைய ஒரே பிள்ளை, ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில்தான் அந்தச் சூப்பர்ஹீரோ வரிசையின் முதல் படம் வந்தது. தோளில் சிவப்புத் துணி பறக்க ஊரைக் காப்பாற்றும் ஒருவன். அத்தான் அவனுக்குச் சால்வைக்காரன் என்று பெயர் வைத்தார். "எங்கடை ஆக்களுக்குப் பொன்னாடை போர்த்தினா மேடையை விட்டு இறங்கமாட்டினம். உவன் பறந்தெல்லோ போறான்!" என்று பகிடி பண்ணுவார். பிள்ளைக்குக் கோபம் வரும். அது அவளுடைய தெய்வம்.

முதல் படத்தின் கடைசியில் தியேட்டர் அமர்க்களப்பட்டது. முகமூடி போட்ட சிறுபிள்ளைகள் இருக்கையில் ஏறி நின்று கத்தினார்கள், யாரோ விசிலடித்தான். பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் காட்சி இருக்கும் என்பது இந்தப் படங்களின் வழக்கம். செத்துப்போனதாக நினைத்த சால்வைக்காரன் அதில் கண் திறந்தான், தியேட்டர் அதிர்ந்தது. இரண்டாம் படத்துக்கு வேறு கூட்டம், வேறு குணம். முடிவு பிடிக்காமல் பாதிப் பேர் கூச்சலிட்டார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். இந்த இரண்டு கூத்தையுமே அத்தான் பார்க்கவில்லை. வெளியே வந்தால் மழைக்குள் கார் வாசலில் நிற்கும், உள்ளே ஹீட்டர் இதமாக ஓடிக்கொண்டிருக்கும். பின் இருக்கையிலிருந்து மருமகள் பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் முடிவைச் சொல்லிக்கொண்டு வருவாள். "அவன் தப்பியிருப்பான் எண்டு எனக்குத் தெரியும்" என்பார் அத்தான், தானே எழுதிக் கொடுத்த கதை போல. எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு ஒரு முறை அழுகையே வந்துவிட்டது. "அப்பா, அடுத்ததுதான் கடைசிப் படம். அதுக்காவது முடியுமட்டும் என்னோடை இருங்கோ." அத்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "ஓம் பிள்ளை, சத்தியமா இருக்கிறன்" என்றார்.

மூன்றாம் படம் வருவதற்குள் அத்தானுக்கு வருத்தம் வந்துவிட்டது. கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே பிந்திவிட்டது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். அக்கா அழுதார், நான் அழுதேன். மருமகள் அழவில்லை. படம் எப்போது வெளியாகிறது என்று போனில் பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அந்த நாள் மட்டும் அப்பா இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய வேண்டுதல். என்ன விசர்ப் பிள்ளை, தகப்பன் இந்த நிலையில் கிடக்க இவளுக்குப் படம் கேட்கிறது என்று சொந்தக்காரர் சிலர் முணுமுணுத்தார்கள். அத்தானின் காதில் அது விழுந்ததும், "அவ என்னட்டைக் கேட்டது இது ஒண்டுதான். உங்களுக்கென்ன?" என்று படுக்கையிலிருந்தே சீறினார்.

போனோம். காரை நான்தான் ஓட்டினேன். மெலிந்துபோன அத்தானைக் கையில் பிடித்துப் படியேற்றி, அதே நடைபாதை ஓர இருக்கையில் உட்காரவைத்தோம். விளக்கு அணையுமுன் அவர் என்னிடமிருந்து திறப்புக் கொத்தைக் கேட்டு வாங்கினார். இன்றைக்கும் முன்னால் எழும்பப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் அதை மருமகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "பிள்ளை, இதை நீ வைச்சிரு. நான் கேட்டாலும் தராதை."

படத்தின் கடைசியில் சால்வைக்காரன் இடிந்து விழும் பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறான். கடைசிப் பஸ்சும் கடந்து போகும் வரை நிற்கிறான். பிறகு பாலம் விழுகிறது. ஆற்றில் அந்தச் சிவப்புத் துணி மட்டும் மிதந்து போகிறது. நான் பார்த்த எந்தக் கூட்டமும் அப்படி இருந்ததில்லை. முன் வரிசையில் கழுத்தெல்லாம் பச்சை குத்திய ஒரு பெரிய ஆள், தன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பின்னால் ஒரு பெண் "இல்லை, இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரோ கோபத்தில் பொப்கோன் பெட்டியைத் திரையை நோக்கி எறிந்தான். ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை. பெயர்கள் ஓடின. இதற்குப் பிறகு அந்தச் சின்னக் காட்சி வரும், அவன் கண் திறப்பான் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். மருமகள் திறப்பை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. திரை வெறுமையாகி, விளக்குகள் எரிந்தன. அப்போதும் சனம் எழும்பாமல் இருந்தது.

அத்தான் திரும்பி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளிச்சம் வந்த பிறகு ஒரு தியேட்டரை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். "உவ்வளவு சனமும் அழுதிருக்கே!" என்றார் ஆச்சரியமாக. பிறகு மகளிடம், "அப்ப, அவன் வரமாட்டானோ பிள்ளை?"

"இல்லையப்பா. இவ்வளவுதான்."

"பரவாயில்லை. எல்லாரையும் அனுப்பிப்போட்டுத்தானே போனவன்." அவள் தலையைத் தடவினார். அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். தியேட்டரில் எல்லோருமே அழுததால் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஒரு வசதி.

சில வாரங்களில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்தின் மயக்கத்தில் அவருக்கு இடம் காலம் குழம்பிப்போயிற்று. கண்ணை மூடியபடியே கையை நீட்டுவார். "திறப்பு எங்கை? தாங்கோ. சனம் வெளிக்கிடப் போகுது." மருமகளின் ஜக்கெட் பையில்தான் திறப்பு இருந்தது; தியேட்டரில் வாங்கிய நாளிலிருந்து, கார் ஓட்ட என்னிடம் தரும் நேரம் தவிர, அவள் அதைப் பிரியவில்லை. "இல்லையப்பா, கேட்டாலும் தராதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொள்வாள். அவர் அமைதியாவார், மறுபடியும் கேட்பார். "குடுத்துவிடன் பிள்ளை, வெறும் திறப்புத்தானே, மனுசன் அந்தரப்படுது" என்று அக்கா கெஞ்சினார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். வழிநடையில் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றவளிடம் நான் போனேன். "மாமா, குடுத்தா அப்பா போயிடுவார்" என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் அத்தானின் மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. கை மட்டும் படுக்கை விரிப்பின் மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மருமகள் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திறப்புக் கொத்தை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்து, அவர் அன்று செய்தது போலவே விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். "சரியப்பா. நீங்கள் போய்க் காரை எடுங்கோ. நாங்கள் ஆறுதலா வாறம்."

தேடிய கை ஓய்ந்தது. அன்றைக்கு இருட்டுப்படுவதற்கு முன் அவர் போய்விட்டார். மனிதர் எங்கேயும் போல அங்கேயும் முன்னால் எழும்பிப் போய்விட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறேன். எத்தனை மழைக்கு நாங்கள் நனையாமல் வீட்டுக்குப் போயிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மருமகள் இப்போது வேலைக்குப் போகிறாள். அண்மையில் அந்தக் கடைசிப் படத்தைத் திரும்பவும் தியேட்டரில் போட்டார்கள். "மாமா, வாறீங்களோ?" என்று கேட்டாள். அத்தானின் பழைய காரை அவள்தான் ஓட்டி வந்தாள். ஓர இருக்கையை வெறுமையாக விட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். இந்தத் தடவை கூட்டத்துக்கு முடிவு முன்பே தெரியும். பாலம் ஆடத் தொடங்கும்போதே மூக்குறிஞ்சும் சத்தங்கள் கேட்டன. துணி ஆற்றில் மிதந்தபோது யாரோ மெல்லக் கைதட்ட, எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். ஒன்றும் வராது என்று தெரிந்தும் பெயர்கள் ஓடி முடியும் வரை ஒருவரும் எழும்பவில்லை. நாங்களும் எழும்பவில்லை.

வெளியே மழை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் இருவருமே ஒரே நேரத்தில், கார் எப்போதும் நிற்கும் அந்த இடத்தைத்தான் பார்த்தோம். வெறும் தெரு, மழை நீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மருமகள் ஜக்கெட்டின் தொப்பியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பையிலிருந்து திறப்புக் கொத்தை எடுத்தாள்.

"நனையாமல் இஞ்சையே நில்லுங்கோ மாமா. நான் காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாறன்."

அவள் ஓடிப் போனாள். மழைக்குள் அந்தக் கிலுங்கல் கொஞ்சத் தூரம் வரை எனக்குக் கேட்டது.