பட்டியலில் கீழே கிடந்த மொழி

அன்று வீட்டில் நான், சந்தையில் மீன் விற்கிற என் மனைவி, மகள் மூவரும் இருந்தோம். வேலைச் சோதனையை எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று மகள் நாலு மணிக்குள் அறிவிக்க வேண்டும். மூன்றரைக்குப் போனில் கணினி மொழிகளின் தரப்பட்டியல் ஒன்றைப் பார்த்து வெளிறிப் போனாள். அவள் இரண்டு வருடம் படித்த மொழி அதில் அடியில் கிடந்தது. முதலில் நின்றதை அவள் இரண்டு வாரம்தான் தொட்டவள்.

“மாத்து பிள்ளை,” என்றேன், யோசிக்காமல்.

மனைவி கேட்டாள்: “உந்தப் பட்டியல் என்னத்தை எண்ணினது?”

“இணையத்தில எத்தினை பேர் தேடினவை எண்டு, அம்மா.”

“என்னட்டை எல்லாரும் விலை கூடின அறக்குளா மீன் என்ன விலை எண்டுதான் கேக்கினம். வாங்கிக்கொண்டு போறது மலிவான சூடை மீன். வேலையில இருக்கிறவையைக் கேள்.”

மகள் வேலைக்குப் போன தோழிகளுக்குப் போன் எடுத்தாள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க, படித்த மொழியையே எழுதி அனுப்பினாள். வேலை கிடைத்தது.

இப்போது எந்தப் பட்டியலைக் கண்டாலும், என்னத்தை எண்ணினது என்று முதலில் கேட்கிறேன். அன்று அவள் கேட்டது ஏழு பேரை. அவர்களில் அவள் படித்த மொழியில் வேலை செய்தவர்கள் ஆறு பேர்.