தகப்பனார் தொழில்: விவசாயம்

மதுரையில் இண்டர்மீடியட் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அய்யா வாலிநோக்கம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். பக்கத்தில் சலவைச் சட்டை போட்ட ஒருவன் 'வக்கீல்' என்று எழுதியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் 'விவசாயம்' என்று எழுதிவிட்டேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து, கட்டணத்தில் பாதியைத் தள்ளிக் கொடுக்கும்படி மனுப் போட்டேன். தகப்பனாரை அழைத்து வரச் சொன்னார்கள். அய்யா கடலாடிவரை நடந்து, அங்கே பஸ் பிடித்து, துவைத்த வேட்டியோடு வந்து சேர்ந்தார். கல்லூரி முதல்வர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. உப்புத் தண்ணீரில் வெடித்துக் கிடந்த அவருடைய பாதங்கள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று நான் மறைத்தாற்போல நின்றேன்.

முதல்வர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "விவசாயம்னு போட்டிருக்கு. எத்தனை ஏக்கர்?"

அய்யா என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இருக்குங்கய்யா, கொஞ்சம்" என்றார் அய்யா.

"நஞ்சையா, புஞ்சையா?"

"புஞ்சைங்க."

"நிலம் உள்ளவங்களுக்கே சலுகை கொடுத்தா இல்லாதவன் எங்கே போவான்?" என்று முதல்வர் மனுவை மடித்து வைத்தார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பஸ் நிலையம்வரை அய்யாவோடு நடந்தேன். ஏறும்போது, "படிப்ப விட்றாத. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது கோடை விடுமுறைக்கு ஊர் போனபோது தெரிந்தது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பளத்தில் உப்புப் பெட்டி சுமந்துகொண்டிருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். "பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டேன், ஒன்றும் புரியாதவன் போல.

"வீட்டுக்கு ஒருத்தர் படிச்சாப் போதும்ல" என்றாள்.

நான் பி.ஏ. முடித்தேன். சர்க்கார் வேலையும் கிடைத்தது. அய்யா இறந்து சில வருஷம் கழித்து, தங்கச்சியின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை காலம் தேவைப்பட்டது.

அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "தெரியும்ண்ணே" என்றாள். "அய்யா மதுரையிலருந்து வந்தன்னைக்கே சொல்லிட்டாரு. உன்கிட்ட அதப் பத்திப் பேசக் கூடாதுன்னும் சொன்னாரு."

பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். உட்கார்ந்தேன். தட்டு நிறையச் சோறு போட்டாள்.