ஜீப்பை மேலே தள்ளியவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் குழாய் இழுத்திருக்கும் ஓடையில் இன்று காலை ஒரு ஜீப் புதைந்து நின்றது. மஸ்கெலியா மலையில் ஜீப் ஏற்றிப் பார்க்க வந்த கொழும்புக்காரர்கள்.

திட்டத்தான் போனோம்.

"நாங்க குடிக்கிற தண்ணிங்க இது. இதுக்குள்ளயா வண்டிய வுடுவீங்க?" என்று பக்கத்து வீட்டு செல்வி அக்கா கத்தினார்.

"கவர்மெண்ட் காடுதானே அக்கா, யாரும் வரலாம்னாங்க. கொஞ்சம் தள்ளி விடுங்களேன்" என்றார் ஓட்டி வந்தவர்.

அவ்வளவுதான். மழையில் புதையும் தேயிலைக் கொழுந்து லொறியைத் தள்ளித் தள்ளிப் பழகிய கைகள். சக்கரத்துக்கு அடியில் உரச்சாக்கைத் திணித்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். எங்கள் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டு ஜீப் ஏறிப் போனது. கை வேறு தட்டினோம்.

அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது.

"டேய் தம்பி, கீழயில்லடா தள்ளியிருக்கணும்?"

கொழுந்து லொறியை எப்போதும் மேலே, ஃபெக்டரிப் பக்கம்தான் தள்ளுவோம். அதே பழக்கம். ஜீப் போன பக்கம் வேறு பாதை கிடையாது. திரும்பவும் இதே ஓடையில்தான் இறங்கியாக வேண்டும்.

குழாயில் இப்போது பால் ஊற்றாமலே பால்தேத்தண்ணி வருகிறது. மேலே ஜீப் உறுமுவதும் கேட்கிறது.

மறுபடி புதைந்தால் எங்களால் தள்ளாமல் இருக்க முடியாது. எந்தப் பக்கம் என்று மட்டும் யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.