மருந்து மாறியது, கையுறை போனது

காலை ஆறு மணிக்கு அன்னூரில் டவுன் பஸ் ஏறினேன். பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. அவிநாசியில் இறங்கி ஈரோட்டு வண்டி பிடித்தேன். அதற்கு நாற்பத்தைந்து ரூபாய். அதிகம் பேசிப் பழகாதவள் நான். கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்லவே தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஆனாலும் போயாக வேண்டியிருந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு தோல் பதனிடும் டேனரியில் என் மகள் செல்வி வேலை செய்கிறாள். "விரலெல்லாம் எரியுதும்மா, சோறு பிசைய முடியல, கரண்டியிலதான் சாப்படறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

எட்டரை மணிக்கு ஈரோடு. ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னதும், "முந்தி மாதிரி மூக்கப் பொத்திட்டு ஓட்ட வேண்டியதில்லீங்கம்மா, இப்ப நாத்தம் கம்மியாயிருச்சு" என்றார். எண்பது ரூபாய் வாங்கினார். அவர் சொன்னது நிசம்தான். முன்னே ஒரு தரம் வந்தபோது வாசலிலேயே கெட்ட முட்டை நாற்றம் அடித்தது. அப்போது ஆட்டுத்தோலில் மயிர் எடுக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவார்கள். கையைப் பொசுக்கும் என்று எல்லோருக்கும் கையுறை கொடுத்தார்கள். இப்போது என்சைம் என்று ஒரு மருந்து. கூழ் மாதிரி கரைத்துத் தோலின் சதைப்பக்கம் பூசி, மடித்து அடுக்கிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி கிடந்தால் மயிர் தானாக நெகிழ்ந்துவிடும். வெளியே போகிற தண்ணீரும் முன்னைப்போல் நாறுவதில்லை. நல்ல மருந்துதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை.

டேனரியின் பேரை எழுதவில்லை. என் பிள்ளை நாளைக்கும் அங்கேதான் வேலைக்குப் போகவேண்டும்.

ஒன்பது மணிக்கு உள்ளே போனேன். மேஸ்திரி ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார். செல்வியும் இன்னும் மூன்று பெண்களும் தோலடுக்கின் முன்னால் நின்றார்கள். கட்டைவிரலால் தள்ளிப் பார்த்து, மயிர் கழன்றால் தோலை எடுத்துப் போடவேண்டும். நாலு பேருக்கும் வெறுங்கை. செல்வி என்னிடம் வந்து கையை விரித்தாள். விரல் நுனியெல்லாம் உரிந்து சிவந்து, ரேகையே தெரியவில்லை.

"ஏனுங்க, கையுறை இல்லீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்விக்குப் பக்கத்தில் வேலை செய்யும் மும்தாஜ்தான் உரக்கச் சொன்னாள்: "கையுறை எங்கன்னு கேக்கறாங்கண்ணா!"

"அது பழைய மருந்துக்குங்கம்மா. இது தயிரு மாதிரி, ஒண்ணும் பண்ணாது. கையுறை போட்டா மயிரு கழலுதான்னு விரலுக்குத் தெரியாதுங்க" என்றார் மேஸ்திரி.

"தயிருன்னா ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்கண்ணா," என்றாள் மும்தாஜ். பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. "பேசிட்டே நிக்காதீங்க! நேரம் தாண்டுனா மருந்து தோலையே அரிச்சுரும். அத்தனையும் வீணாப் போயிரும்."

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "ஆட்டுத்தோலை அரிக்குமுங்களா? அப்ப எம்புள்ள தோலை?"

மேஸ்திரி உள்ளே போய் ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்து செல்வியிடம் நீட்டினார். "போட்டுக்க அம்மணி. அம்மா வருத்தப்படறாங்க."

"எனக்கு மட்டும் வேண்டாமுங்க." செல்வி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மற்ற மூவரும் அடுக்கை விட்டு நகர்ந்து நின்றார்கள். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார், தோலடுக்கைப் பார்த்தார், மறுபடி உள்ளே போனார். இன்னும் மூன்று ஜோடி வந்தது, உறை பிரிக்காமல். அத்தனை நாளும் அலமாரியிலேயே இருந்திருக்கிறது! அப்போதுதான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இல்லாத பொருள் என்றால் பொறுத்திருப்பேன்.

மும்தாஜ் கையுறையோடு கட்டைவிரலை அழுத்தித் தள்ளினாள். மயிர் கழன்று வந்தது. "நல்லாத் தெரியுதுங்கண்ணா!"

மதியம் இரண்டு மணி வண்டியில் திரும்பினேன். பெருந்துறை தாண்டியும் கோபம் ஆறவில்லை. எங்கள் அன்னூரை நினைத்ததும் இன்னும் ஏறியது. அங்கே வாழைக்கு மருந்தடிக்கிறவர்களுக்கும் வெறுங்கைதான். "ஒண்ணும் பண்ணாது" என்று தோட்டத்துச் சொந்தக்காரர்கள் வரப்பில் நின்றுகொண்டு சொல்வார்கள். ஒண்ணும் பண்ணாது என்கிறவர் முதலில் தன் கையை அதில் விடட்டும்.