பொன்முடிக் கட்டுரையும் மூன்று செயலிகளும்

திருவனந்தபுரத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே எதற்கெடுத்தாலும் கமிட்டி போடுவார்கள். தெருவில் ஒரு தென்னை சாய்ந்து நின்றால் கமிட்டி, ஓணத்துக்குப் பாயசம் வைக்கக் கமிட்டி. பேசியதையெல்லாம் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். அதற்கு மினிட்ஸ் என்று பெயர். எங்கள் பாளையங்கோட்டையில் தென்னை சாய்ந்தால் எதிர்வீட்டு அண்ணன் அரிவாளோடு வருவார், சோலி முடிந்தது. ஆகவே சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் என் மகள் தாரிணி ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் எழுதப் பழகுவதற்கு எந்த ஏ.ஐ. செயலி நல்லது என்று பார்க்கக் கமிட்டி போட்டபோது எனக்கு வியப்பில்லை. என்னையே அதற்குக் கன்வீனர் ஆக்குவார்கள் என்றுதான் நினைக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த வகுப்பில் எங்களைப் போன்ற தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. பெற்றோர் கூட்டத்தில் பிரசிடெண்ட் சார், "தமிழ் அறியுன்ன ஒராள் வேணமல்லோ" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் சபையில் ஒரு பெரியவர் இப்படிப் பார்த்தால், தலையைக் குனிந்து பேசாமல் இருந்துவிடுவோம். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. இங்கே பேசாமல் இருந்தால் எதிர்ப்பு இல்லை என்று மினிட்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். ஆரியசாலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் கணவர் செய்தி கேட்டு, "உனக்கு எதுக்கு இந்தச் சோலி? போன்ல அலாரம் வைக்கவே பிள்ளையத்தான கூப்புடுத" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொன்ன விதம் பிடிக்காததால், அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் மூன்று செயலிகளைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். சோதனைக்கு ஆள் தாரிணி. தலைப்பு, நாங்கள் பள்ளி விடுமுறையில் போய்வந்த பொன்முடி மலை. முதல் செயலியில் தலைப்பை மட்டும் போட்டாள். மூச்சு விடுவதற்குள் ஒரு பக்கம் வந்து நின்றது. முன்னுரை, முடிவுரை, நடுவில் நான்கு உபதலைப்பு. பனி மூடிய மலைமுகடுகள், பச்சைக் கம்பளம் விரித்த தேயிலைத் தோட்டங்கள். கடைசியில் எல்லோரும் "மகிழ்ச்சி கலந்த களைப்புடன்" வீடு திரும்பினோம். எனக்குப் புல்லரித்துப்போனது. ஊரில் இருக்கும் என் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இதையே வாங்கலாம் என்று கமிட்டிக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஏன் புல்லரித்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். என்னை வளர்த்த கட்டுரைகள் அப்படிப்பட்டவை. ஏழாம் வகுப்பில் 'நான் கண்ட பொருட்காட்சி' என்று ஒரு கட்டுரை வரும். நான் எந்தப் பொருட்காட்சியையும் கண்டதில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். அதனால் என்ன? நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். வகுப்பில் நாற்பது பேரும் ஒரே பொருட்காட்சியைக் கண்டோம், ஒரே ராட்டினத்தில் ஏறினோம், ஒரே டெல்லி அப்பளம் தின்றோம். எல்லோரும் மகிழ்ச்சி கலந்த களைப்புடன்தான் வீடு திரும்பினோம். ஒரு வரி மாறினால் டீச்சர் மார்க்கைக் குறைத்துவிடுவார் என்ற பயத்தில், காற்புள்ளி உட்பட மாற்றாமல் எழுதி, இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன். அந்தப் பதினெட்டைப் பற்றி எனக்கு இன்றுவரை பெருமைதான்.

தாரிணிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அதுல நான் சர்திச்சது வரல்லையே அம்மா" என்றாள். வாந்தி எடுத்ததை இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். "கட்டுரையில போய் யாராவது வாந்திய எழுதுவாளா?" என்று அடக்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, அவளோடு ஒரே பெஞ்சில் இருக்கும் அஞ்சனா சைக்கிளில் இருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். கார்டு எழுது என்றதும், தாரிணி யோசிக்காமல் அந்தச் செயலியைத் திறந்தாள். "அன்புள்ள தோழிக்கு, விரைவில் பூரண நலம் பெற இறைவனை இறைஞ்சுகிறேன்" என்று வந்தது. "இது நீ எழுதுத மாதிரியாட்டி இருக்கு?" என்று கேட்டேன். "நான் எழுதினா சரியாவாது அம்மா" என்றாள். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை அது. அந்த வாய் தாளில் மூடிக்கொள்ளப் போகிறது, அதற்குச் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டது நான்.

இரண்டாவது செயலியை எடுத்தோம். அது தானாக எதுவும் எழுதாது. ஆனால் பிள்ளை எழுதுவதில் பாதிக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். அவள் தமிழில் மலையாளம் கலந்துதான் வரும், பிறந்ததே இங்கேதானே? முதல் நாள் பத்து வரி எழுதினாள், மறுநாள் ஆறு, அதற்கடுத்த நாள் மூன்று. கோடு வராத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது செயலியைப் பார்த்ததும், கேள்வி கேட்பதைத் தவிர இதற்கு ஒன்றும் தெரியாதோ என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. பொன்முடிக்கு யாரோடு போனாய்? வழியில் என்ன நடந்தது? அப்போது அப்பா என்ன செய்தார்? மாமியார் கூட இத்தனை கேட்கமாட்டார். ஆனால் தாரிணி நிமிரவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து காட்டினாள்: "மொத்தம் இருபத்திரண்டு வளைவு. பதினாலாவது வளைவில் நான் அப்பாவின் புதுத் துண்டில் சர்தித்தேன். அப்பா திட்டவில்லை. துண்டைப் பஸ் ஜன்னல் வழியாகத் தேயிலையில் எறிந்தார். அதற்கு அம்மா அப்பாவைத் திட்டினாள். புளியோதரையைக் குரங்கு தின்றது. மேலே எல்லாம் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மறுபடியும் போக வேண்டும்." படித்துவிட்டு என் கணவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைக்குப் போகும்போது அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. என் பழைய சிபாரிசு மினிட்ஸில் ஏறியிருந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன், தப்பு என்னுடையது என்றேன். எழுதியதை வெட்டுவது பிரசிடெண்ட் சாருக்குக் கஷ்டமாக இருந்தது, காரணம் கேட்டார். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் விளக்குவதைவிட இது மேல் என்று, தாரிணி எழுதியதையே எழுந்து நின்று வாசித்தேன். சார் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஆ வளவுகள் வல்லாத்த பிரஷ்னமாணு மேடம். நமுக்கொரு பராதி கொடுக்காம், கமிட்டி வைக்காம்" என்றார். மலைச்சாலையைப் பற்றி நான் புகார் கொண்டுவந்திருப்பதாக நினைத்துவிட்டார். கிளாஸ் டீச்சர்தான் சிரித்துக்கொண்டே, "சாரே, அது ரோட்டின்டெ காரியமல்ல, குட்டி எழுதியதாணு. குட்டி தன்னே எழுதியது" என்றார், பிள்ளையேதான் எழுதியது என்று. சார் என்னை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு பழைய வரியை அவரே பேனாவால் வெட்டினார்.

மூன்றாவது செயலி வந்து ஒரு பருவம் முடியப்போகிறது. சில நேரம் அது பிள்ளையை நச்சரிக்கத்தான் செய்கிறது. அஞ்சனாவுக்குப் பிறகு தானே எழுதி அனுப்பிய கார்டில் என்ன இருந்தது என்று தாரிணி எனக்குக் காட்டவில்லை. போன வாரம் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று ஒரு தலைப்பு. எழுதிவிட்டு, "அம்மா வாசிக்கலாம்" என்று அனுமதி கொடுத்தாள். அடுக்களை ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு வாசித்தேன்.

"என் அம்மாவுக்கு இரண்டு குரல் உண்டு. ஊருக்குப் போகும் பஸ் எல்லையில் களியக்காவிளை தாண்டியதும் சத்தமாகப் பேசுவாள். திரும்பி வரும்போது அதே இடத்தில் குரல் குறைந்துவிடும். அம்மாவுக்கு இது தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். பன்னிரண்டு வருஷமாகத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கீழே செயலி தன் புத்தியைக் காட்டியிருந்தது: உனக்கு எந்தக் குரல் பிடிக்கும்?

"சத்தக் குரலில்தான் திட்டு வரும்," என்று தாரிணி எழுதியிருந்தாள். "ஆனால் சிரிப்பும் அதில்தான் வரும்."

அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சேச்சி மதில் மேல் எட்டிப் பார்த்து, "எந்தா, நாட்டில் நின்னு ஆரெங்கிலும் வன்னோ?" என்று கேட்டாள். என் ஊரில் இருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று.

"ஆரும் இல்ல சேச்சி," என்றேன். "ஞான் தன்னே."