சத்தமே இல்லாத வண்டி

என் அக்காவைக் கட்டிய மாமாவை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். படித்த டாக்டர் இல்லை, ஜெனரேட்டர் மெக்கானிக். மக்கர் செய்கிற எஞ்சின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகு ஒரு திருகைக் கொஞ்சம் திருப்புவார். எஞ்சின் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒழுங்காக ஓடும். மீட்டரை நீட்டினால் கோபம் வரும். “காது எதுக்குடா இருக்கு? கம்மல் மாட்டவா?” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் கூடுவோம். எல்லாம் ரிமோட்டில் ஓட்டும் குட்டி டிரக்குகள். எரிபொருள் ஊற்றினால் புகையைக் கக்கிக்கொண்டு மேட்டில் ஏறி ஆள் உயரத்துக்குப் பாயும். மீசை வைத்த ஆட்கள் பொம்மை ஓட்டுகிறார்கள் என்று தெருவே சிரிக்கும், சிரிக்கட்டும். அங்கே எந்த வண்டி முக்கினாலும் டாக்டரிடம்தான் வரும். வேலையிடத்தில் ‘யோவ்’ என்று கூப்பிடப்படும் மனிதருக்கு அந்த மண்மேட்டில்தான் மரியாதை.

போன வருஷம் அவரே என் எஞ்சினைக் கொன்றார். எரிபொருள் போதாமல் போனால் இந்த எஞ்சின்கள் மெல்லிய குரலில் கீச்சிடும். உடனே திருகைத் தளர்த்த வேண்டும். என் வண்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது, மாமா இறுக்கிக்கொண்டே இருந்தார். சூடேறி, இறுகி, நின்றே போனது. “எரிபொருள்ல கலப்படம்டா” என்றார். அக்கா புருஷன் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்க இருந்தேன். விஷயம் தெரிந்து அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

“அவருக்குக் காது போயிட்டிருக்குடா. குக்கர் விசில் கேக்கல, போன் அடிச்சா கேக்கல. மூஞ்சியப் பாத்துப் பேசினாத்தான் புரியுது. வெளிய தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சே போயிடுவாரு. நீ தெரியாத மாதிரியே இரு.”

காலமெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவருக்கு வேறென்ன மிஞ்சும்? என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் மாமாவே அறிவித்தார். “புகையும் நாத்தமும் போதும்டா. நான் பேட்டரிக்கு மாறுறேன்.” எனக்குப் புரிந்தது. பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்த வண்டியில் காதால் கேட்டுத் திருப்பத் திருகே கிடையாது.

சாப்பாட்டு மேசைமேல் தன் வண்டியைப் பிரித்துப் போட்டார். எஞ்சின், டேங்க், சைலன்சர் எல்லாம் வெளியே வந்தன. எஞ்சினை மட்டும் துடைத்து, பழைய பனியனில் சுற்றி அலமாரியில் வைத்தார். மோட்டாரைத் தாங்க அலுமினியத் தகடு வெட்டி, துளை போட்டு, மூன்று ஒயர்களையும் பற்றவைத்தார். கண்ணும் கையும் கொஞ்சமும் பிசகவில்லை. கடைசியாக, மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தைப் பெரிய சக்கரத்தோடு சேர்க்க வேண்டும். நடுவில் முடியளவு இடைவெளி வேண்டும். நாங்களெல்லாம் ஒரு துண்டுப் பேப்பரைப் பல்லுக்கு நடுவில் வைத்து முடுக்கிவிட்டு, பிறகு உருவிவிடுவோம். அவர் என்றைக்கும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதால்தான் பார்ப்பார்.

“பேப்பர் வச்சுக்கோங்க மாமா” என்றேன்.

“பேப்பரா? எனக்கா?” என்று சிரித்தார். சக்கரத்தைச் சுற்றினார், தலையைச் சாய்த்தார், முடுக்கினார்.

அந்த ஞாயிறு அக்காவும் மண்மேட்டுக்கு வந்திருந்தாள். வண்டி கிளம்பியது. அப்பப்பா, அது என்ன சத்தம்! பல்லும் பல்லும் அரைத்துக்கொண்டு, தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல் வீறிட்டது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாமாவின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

“பாத்தீங்களா? சத்தமே இல்ல!”

எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்யும் கிடங்குக் காவலாளிதான், “ஆமா டாக்டர், சத்தமே இல்ல” என்றான். அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு.

மாமா குஷியாகி வண்டியை எங்கள் பக்கம் திருப்பினார். அது காலடியில் வீறிட்டுக்கொண்டு பாய்ந்தபோது, இத்தனை நாள் எல்லாவற்றையும் மூடி மறைத்த அக்கா, தன்னை அறியாமல் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

மாமா அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தார். வண்டி நின்றது.

“சத்தம் வருதா?”

அக்கா கையை இறக்கினாள். கண் கலங்க, ஆமென்று தலையை ஆட்டினாள்.

மாமா போய் வண்டியைத் தூக்கி வந்து மண்ணில் கவிழ்த்து வைத்தார். சூடான சக்கரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நிமிர்ந்து பார்க்காமலே என்னிடம் கையை நீட்டினார்.

“பேப்பர் இருந்தா ஒரு துண்டு குடுடா.”